கி.மீ., பொ.ஆ.மு., தி.மு.க.: சுருக்கங்களைத் திரைவாசிப்பானுக்கு எப்படிப் புரியவைப்பது?

குறிப்பேடு (மதுரை) கேட்டது:

வணக்கம். போட்டித் தேர்வு எழுதுகிறவர்களுக்காக ஐந்து வருடமாக ஒரு சிறிய வலைத்தளம் நடத்துகிறேன். வரலாறு, புவியியல், பொதுத்தமிழ்க் குறிப்புகள், தேர்வு அறிவிப்புகளின் சாரம் என்று எல்லாமே தமிழில்தான். வலைப்பக்கம் எழுதும் குறிமொழியான எச்டிஎம்எல்லை நானாகக் கற்றுக்கொண்டு ஒவ்வொரு பக்கத்தையும் கையால் எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை உசிலம்பட்டிப் பக்கமிருந்து ஒரு தம்பி ஃபோன் செய்தான். பிறவியிலேயே பார்வை கிடையாது. என் பக்கங்களைக் கணினியில் என்விடிஏ என்ற திரைவாசிப்பான் (திரையில் இருப்பதைக் குரலில் வாசிக்கும் மென்பொருள்) வைத்துக் கேட்டுத்தான் படிக்கிறானாம். "அக்கா, கட்டணம் எவ்வளவு? புள்ளி நூற்றைம்பதுன்னு சொல்லுது" என்றான். நான் எழுதியிருந்தது "ரூ.150". ஃபோனைக் கணினி ஸ்பீக்கர் பக்கம் பிடிக்கச் சொல்லி நானும் கேட்டேன். "ரூ புள்ளி நூற்றைம்பது" என்றுதான் வந்தது. அப்படியே மற்ற பக்கங்களையும் வாசிக்க வைத்தோம். கலிங்கப் போர் நடந்தது "பொ புள்ளி ஆ புள்ளி மு, இருநூற்று அறுபத்தொன்று". நிலவின் சராசரித் தொலைவு "மூன்று லட்சத்து எண்பத்து நான்காயிரத்து நானூறு கி புள்ளி மீ". பொ.ஆ.மு. என்றால் பொது ஆண்டுக்கு முன் என்பதே அவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அவன் பள்ளியில் படித்தபோது கி.மு. என்றுதான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். இத்தனை நாளும் அதை யாரோ ஒருவருடைய தலைப்பெழுத்து என்று நினைத்துத் தாண்டிப் போயிருக்கிறான். அன்றிரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

மறுநாளே உட்கார்ந்து, இருக்கிற சுருக்கங்களுக்கெல்லாம், இது சுருக்கம் என்று குறிக்கும் ஏபிபிஆர் (abbr) டேக் போட்டு, அதன் டைட்டில் (title) பண்பில் விரிவைக் கொடுத்தேன். மொத்தம் 47 இடங்கள். மவுஸைக் கொண்டுபோனால் "கிலோமீட்டர்" என்று அழகாக வருகிறது. அணுகல்தன்மையைச் சோதிக்கும் கருவி ஒன்றிலும் போட்டுப் பார்த்தேன், ஒரு பிழைகூடக் காட்டவில்லை. தம்பியிடம் கேட்கச் சொன்னேன். துளி மாற்றம் இல்லை, பழையபடியே வாசிக்கிறது.

நான் டேக் போட்டது தவறா? ஏக்ரோனிம் (acronym) என்று இன்னொரு டேக் இருப்பதாக ஒரு பழைய பாடத்தில் பார்த்தேன், அதைப் போட வேண்டுமா? இன்னொரு சந்தேகம்: "தி.மு.க.வின்" என்று வரும் இடத்தில் டேக்கை "க."வோடு முடிப்பதா, "வின்"னையும் உள்ளே சேர்ப்பதா? இரண்டு விதமாகவும் செய்து பார்த்தேன், எதுவும் சரியாகப் படவில்லை.


வலைத்தச்சன் எழுதியது:

டேக் சரியாகத்தான் போட்டிருக்கிறீர்கள், அதில் குறை இல்லை. ஏக்ரோனிமைத் தொடவே வேண்டாம். 1997-இல் எச்டிஎம்எல் 4 வந்தபோது இரண்டு டேக்குகளும் இருந்தன. நேட்டோ, யுனெஸ்கோ மாதிரி ஒரே சொல்லாக உச்சரிப்பதற்கு ஒன்று, மற்றதற்கு ஒன்று என்று பலர் புரிந்துகொண்டார்கள். எது எதற்கு என்பதில் கடைசி வரை ஒருமித்த கருத்தே வரவில்லை. அந்த நாட்களில் நான் ஏக்ரோனிம்தான் போட்டேன். காரணம் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6. அதற்கு ஏபிபிஆர் என்றால் என்னவென்றே தெரியாது, 2006-இல் வந்த ஏழாம் பதிப்பில்தான் சரியானது. எச்டிஎம்எல் 5-இல் ஏக்ரோனிமைக் காலாவதி என்று ஒதுக்கிவிட்டார்கள்.

உங்கள் சிக்கல் டைட்டிலில் இருக்கிறது. அது மவுஸ் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் தெரியும் குறிப்பு. ஃபோனில் விரலை மேலே மிதக்கவிட வழியில்லை. விசைப்பலகையால் நகர்கிறவர்களும் ஏபிபிஆரில் போய் நிற்க முடியாது. டைட்டிலை மட்டும் நம்பாதீர்கள் என்று எச்டிஎம்எல் விவரக்குறிப்பே எச்சரிக்கிறது.

சோதனைக் கருவி ஏன் பிழை காட்டவில்லை என்றால், வலை உள்ளடக்க அணுகல் வழிகாட்டுதல்களில் (டபிள்யூசிஏஜி) சுருக்கங்களுக்கான விதி 3.1.4. அது ஏஏஏ என்ற மேல்நிலையில் இருக்கிறது. பெரும்பாலும் எல்லோரும் ஏஏ வரைக்கும்தான் சோதிப்பார்கள். அதோடு, எது சுருக்கம் எது சொல் என்று ஒரு கருவியால் கண்டுபிடிக்கவும் முடியாது.

என் யோசனை: ஒவ்வொரு ஏபிபிஆருக்கும், டேப் விசை அங்கே போய் நிற்கும்படி டேப்இண்டெக்ஸ் (tabindex) 0 கொடுத்து, அப்படி நிற்கும்போது விரிவைக் காட்டும் சிறு பெட்டி செய்யுங்கள். கூடவே, திரைவாசிப்பானுக்கு மட்டும் பெயர் சொல்லும் ஏரியா-லேபிள் (aria-label) பண்பில் விரிவை எழுதிவிடுங்கள்.


செவிவாசகன் (நெல்லை) எழுதியது:

நான் பார்வையற்றவன், அரசுப் பள்ளியில் வரலாற்று ஆசிரியராக இருக்கிறேன். பதினான்கு வருடமாகத் திரைவாசிப்பான் வழியாகத்தான் படிப்பு, பாடக்குறிப்பு, சம்பளப் பட்டியல் எல்லாம். உங்கள் தம்பி பொ.ஆ.மு.வைத் தலைப்பெழுத்து என்று நினைத்ததைப் படித்தபோது என் மாணவர்கள் இரண்டு பேர் நினைவுக்கு வந்தார்கள். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தப் "புள்ளி" எங்கிருந்து வருகிறது என்று சொல்லிவிடுகிறேன். என்விடிஏவில் நிறுத்தற்குறிகளை எவ்வளவு வாசிக்க வேண்டும் என்று ஒரு நிலை உண்டு. நிறுவியவுடன் இருக்கும் நிலையில், புள்ளிக்குப் பின் இடைவெளி வந்தால் அதை வாக்கியத்தின் முடிவு என்று எடுத்துக்கொண்டு சற்று நிற்கும். புள்ளிக்குப் பின் உடனே எழுத்தோ எண்ணோ வந்தால் அதை வாய்விட்டுச் சொல்லும். இணைய முகவரிகளில் இது வேண்டியிருக்கிறது. ஆனால் "தி.மு.க.வின்" என்பது எனக்கு எப்படி வரும் என்று பாருங்கள்: "தி புள்ளி மு புள்ளி க புள்ளி வின்". வேற்றுமை உருபு அறுந்து தனியாக விழுந்துவிடுகிறது. "5 கி.மீ. தொலைவில்" என்றால் "மீ"யோடு வாக்கியம் முடிந்த தொனி வரும், பிறகு "தொலைவில்" என்று புது வாக்கியம் தொடங்கும். ஒன்றிரண்டு என்றால் சமாளிக்கலாம். பத்துப் பக்கப் புவியியல் குறிப்பில் வரிக்கு ஒன்று வந்தால் பாடமே மனதில் நிற்காது.

டைட்டிலில் நீங்கள் எழுதிய விரிவை என் என்விடிஏ வாசிப்பதில்லை. ஜாஸ் என்ற இன்னொரு திரைவாசிப்பானில் சுருக்கங்களை விரித்து வாசி என்று ஓர் அமைப்பு உண்டு, ஆனால் அது அணைந்த நிலையில்தான் வரும். எனக்குத் தெரிந்து அதைத் தேடிப்போய்ப் போட்டவர்கள் மிகக் குறைவு.

வலைத்தச்சன் சார் சொன்ன வரலாறு முழுக்கச் சரி. ஆனால் அந்தக் கடைசி யோசனையை மட்டும் செய்யாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். டேப்இண்டெக்ஸ் கொடுத்தால் ஒரு பக்கத்தில் இருக்கிற அத்தனை சுருக்கத்திலும் டேப் விசை நிற்கும். விண்ணப்ப இணைப்புக்குப் போக வேண்டியவன் இருபது தடவை டேப் தட்ட வேண்டும். கை நடுக்கம் உள்ளவர்கள், மவுஸ் பிடிக்க முடியாதவர்கள் நிலைமை இன்னும் கஷ்டம். ஏரியா-லேபிள், பொத்தானுக்கும் இணைப்புக்கும் படிவப் பெட்டிக்கும் பெயர் வைப்பதற்காக வந்தது. தனிப் பங்கு எதுவும் இல்லாத வெறும் சொற்றொடருக்கு அதைக் கொடுக்கக் கூடாது என்று அந்தப் பண்புகளுக்கான விவரக்குறிப்பு ஏரியா 1.2 சொல்கிறது. கொடுத்தாலும் ஒரு உலாவியில் வாசிக்கும், ஒன்றில் வாசிக்காது. இன்னொன்று, வாசிக்கிற இடத்தில், எழுத்தை விரலால் தொட்டுப் படிக்கும் புள்ளிகளாகக் காட்டும் பிரெயில் திரையிலும் பக்கத்தில் இருக்கும் எழுத்து மறைந்து லேபிள்தான் வரும். விரலால் படிக்கிறவருக்கு நீங்கள் உண்மையில் "கி.மீ." என்று எழுதினீர்களா "கிலோமீட்டர்" என்று எழுதினீர்களா என்பது தெரியாமலே போய்விடும். பொதுத்தமிழ் படிக்கிற மாணவனுக்கு அந்த எழுத்து முக்கியம்.

இப்போது உங்கள் "வின்" கேள்வி. இரண்டு விதமாகச் செய்தும் சரியாகப் படவில்லை என்றீர்கள். சரியாக வரவே வராது, அதற்குக் காரணம் தமிழ் இலக்கணத்திலேயே இருக்கிறது. உருபு ஒட்டுவது சுருக்கத்தின் கடைசி ஒலியைப் பார்த்து. "தி.மு.க." என்பது அகரத்தில் முடிவதால் "வின்" வருகிறது. விரிவு "திராவிட முன்னேற்றக் கழகம்", மகரத்தில் முடிகிறது, அதற்கு "கழகத்தின்" வர வேண்டும். டேக்கை "க."வோடு மூடினால், விரித்து வாசிக்கிற கருவி "கழகம் வின்" என்று சொல்லும். "வின்"னை உள்ளே சேர்த்து டைட்டிலில் "கழகத்தின்" என்று எழுதினால், அடுத்த வரியில் "க.வுக்கு" வரும்போது "கழகத்துக்கு", அதற்கடுத்து "க.வை" வரும்போது "கழகத்தை" என்று ஒவ்வொரு வேற்றுமைக்கும் தனித் தனியாக எழுதிக்கொண்டே போக வேண்டும். "வி.ஏ.ஓ.விடம்" என்பதை எடுங்கள், விரித்தால் "கிராம நிர்வாக அலுவலரிடம்". ஆங்கிலத்தில் ஒரு சுருக்கத்தைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் விரிவை வைத்தால் வாக்கியம் குலையாது, அந்த மொழியை மனதில் வைத்துச் செய்த டேக் இது. நம் மொழியில் சொல்லின் வால் மாறும். ஆகவே விரிவை டேக்கின் பண்புக்குள் ஒளித்து வைக்காமல், பக்கத்தில் எல்லோர் கண்ணுக்கும் காதுக்கும் எட்டும்படி எழுதிவிடுவதுதான் தமிழுக்குச் சரி. டபிள்யூசிஏஜியின் ஜி97 என்ற நுட்பமும் இதைத்தான் சொல்கிறது: முதல் முறை வரும்போது விரிவையும் சுருக்கத்தையும் அடுத்தடுத்து எழுதுங்கள்.

"முதல் முறை" என்பதில் ஒரு திருத்தம் மட்டும் சொல்கிறேன். நான் பக்கத்தை மேலிருந்து கீழாகக் கேட்பதில்லை. எச் விசையைத் தட்டித் தலைப்பு தலைப்பாகத் தாவுவேன். மௌரியர் பகுதியில் நீங்கள் விரித்து எழுதியது, சாதவாகனர் பகுதியில் நேராக இறங்கிய எனக்குக் கிடைக்காது. அதனால் ஒவ்வொரு பெரிய தலைப்பின் கீழும் ஒரு முறை விரித்து எழுதுங்கள். பக்கத்தின் அடியில் சுருக்கப் பட்டியல் வைத்து இணைப்பும் கொடுப்பவர்கள் உண்டு. நோக்கம் நல்லதுதான், ஆனால் போய்த் திரும்புவதற்குள் விட்ட இடம் தவறிவிடும்.

அளவைகளையும் பணத்தையும் சுருக்கவே வேண்டாம். "150 ரூபாய்", "3,84,400 கிலோமீட்டர்" என்று எழுதிவிடுங்கள். கட்டணத்தைத் தப்பாகக் கேட்டவன் விண்ணப்பத்தையே தவறவிடலாம்.

என்விடிஏவில் பேச்சு அகராதி என்று ஒன்று இருக்கிறது, அதில் "கி.மீ." வந்தால் "கிலோமீட்டர்" என்று சொல் எனச் சேர்க்கலாமே என்று யாராவது சொல்வார்கள். நானும் சேர்த்திருக்கிறேன். முதன்முதலில் "மீ." என்பதை "மீட்டர்" என்று போட்டேன், அது "கி.மீ."க்குள்ளேயும் புகுந்து "கி புள்ளி மீட்டர்" ஆனது. பிறகு ஒவ்வொன்றாகச் சரிசெய்தேன். அது என் கணினியில் என் வசதிக்கு. பள்ளிக் கணினியில் உட்காரும் என் மாணவனுக்கும், நேற்றுத்தான் திரைவாசிப்பான் கற்ற உங்கள் தம்பிக்கும் அந்த அகராதி இருக்காது.

எல்லாவற்றையும் விரிக்க வேண்டும் என்றும் இல்லை. லேசர், ரேடார் எல்லாம் சொல்லாகவே ஆகிவிட்டன, அவற்றை யாரும் விரித்துப் பேசுவதில்லை. மொழியில் கலந்துவிட்டதை விதியும் சுருக்கமாகக் கணக்கில் எடுப்பதில்லை. "திமுக", "அதிமுக" என்று புள்ளி இல்லாமல் நாளிதழ்கள் எழுதுகின்றனவே, அது காதுக்கு மிக நன்றாக இருக்கிறது. "திமுகவின்" ஒரே மூச்சில் வருகிறது, உருபும் ஒட்டி நிற்கிறது. ஆனால் "பொஆமு" என்று எழுதினால் கேட்கிறவனுக்கு ஒன்றும் விளங்காது. "டிஎன்பிஎஸ்சி" ஒட்டி எழுதும்போது என்விடிஏவில் நான் வைத்திருக்கும் ஈஸ்பீக் என்ற குரல் உருட்டிவிடும், பழகிய காது பிடித்துக்கொள்ளும், புதியவர் தடுமாறுவார். ஆங்கில எழுத்திலேயே எழுதினால் அந்த இடத்துக்கு, மொழியைச் சொல்லும் லாங் (lang) பண்பில் ஆங்கிலம் என்று குறித்துவிடுங்கள், ஈஸ்பீக் தானாக ஆங்கில உச்சரிப்புக்கு மாறிக்கொள்ளும். சுருக்கத்துக்குப் போடும் டேக்கைவிட இந்த லாங் எனக்கு அதிகம் உதவியிருக்கிறது. பக்கத்தின் தலையிலேயே தமிழ் என்று குறித்திருக்கிறீர்களா என்பதையும் ஒரு முறை பாருங்கள். ஆங்கிலம் என்று குறித்த தமிழ்ப் பக்கங்களை நான் அடிக்கடி சந்திக்கிறேன், அவற்றைக் கேட்கவே முடியாது.


வலைத்தச்சன் எழுதியது:

பிரெயில் திரை விஷயம் எனக்கு இதுவரை தெரியாது சார். மிக்க நன்றி. நான் பார்த்துக்கொள்ளும் இரண்டு தளங்களில் ஏரியா-லேபிளை இப்படித்தான் போட்டிருக்கிறேன், இந்த வாரமே எடுத்துவிடுகிறேன்.


மெய்ப்பு எழுதியது:

முப்பது வருடம் அச்சகத்திலும் பதிப்பகத்திலும் மெய்ப்புப் பார்த்தவள். சுருக்கம் என்பது காகிதமும் இடமும் மிச்சம் பிடிக்க வந்த பழக்கம். நம் பழைய கணக்கேடுகளில் வருஷத்துக்கு ௵, மாதத்துக்கு ௴, தேதிக்கு ௳, ரூபாய்க்கு ௹, மேற்படிக்கு ௸ என்று ஒற்றைக் குறி போடுவார்கள். யூனிகோடிலும் அந்தக் குறிகள் இருக்கின்றன. ஆனால் "சித்திரை ௴ 5 ௳" என்று எழுதியிருப்பதை யாரும் எழுத்துக் கூட்டிப் படித்ததில்லை, "சித்திரை மாதம் ஐந்தாம் தேதி" என்று முழுசாகத்தான் வாசிப்பார்கள். "ஐந்தாம்" என்ற மாற்றத்தைக்கூட வாசிக்கிறவரே போட்டுக்கொள்வார். செவிவாசகன் சொன்னதைப் படித்தபோது, அந்த வேலையை இயந்திரத்தின் தலையில் நாம் சும்மா கட்டிவிட்டோம் என்று தோன்றியது. வலைப்பக்கத்தில் மிச்சம் பிடிக்கக் காகிதம் ஏது?

ஒரே ஒரு மாற்றுக் கருத்து உண்டு. நிறுவனப் பெயர்களை ஒவ்வொரு முறையும் விரித்தால் பார்வை உள்ளவருக்கும் வாக்கியம் கனத்துவிடும். "தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம்" ஒரு பத்தியில் நான்கு தடவை வந்தால் யாரும் படிக்க மாட்டார்கள். நாங்கள் செய்வது இது: முதலில் முழுப்பெயர், அப்புறம் "தேர்வாணையம்". தலைப்பெழுத்துகளைச் சேர்த்துக் கட்டுவதற்குப் பதில் பெயரின் கடைசிச் சொல்லையே குறும்பெயராக எடுத்துக்கொள்வது. வாரியம், ஆணையம், பேரவை என்று பெரும்பாலான பெயர்களுக்கு இது பொருந்தும். தேர்வாணையத்தின், தேர்வாணையத்துக்கு, தேர்வாணையத்தில் என்று உருபும் இயல்பாக வரும். ஒரே பக்கத்தில் இரண்டு ஆணையங்கள் வந்தால் மட்டும் கவனமாக இருக்க வேண்டும்.

டைட்டில் போட்ட ஏபிபிஆருக்கு உலாவி தானாகப் போடுகிற புள்ளிக் கோட்டையும் பாருங்கள். "மு", "கூ" போன்ற எழுத்துகளின் கீழ்ச்சுழியோடு அது மோதி, சிறிய எழுத்தில் "மு" என்பது "மூ" மாதிரித் தெரிகிறது. வயதானவர்களுக்கு நிச்சயம் இடைஞ்சல்.


குறிப்பேடு (மதுரை) எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. மூன்று நாள் உட்கார்ந்து மாற்றிவிட்டேன். ரூபாய், கிலோமீட்டர், சதுர கிலோமீட்டர் எல்லாம் முழுசாக எழுதியாகிவிட்டது. மெய்ப்பு அம்மா சொன்னபடி "தேர்வாணையம்" ஆனது. பொ.ஆ.மு.வை ஒவ்வொரு தலைப்பின் கீழும் முதல் தடவை "பொது ஆண்டுக்கு முன் (பொ.ஆ.மு.)" என்று எழுதினேன். அந்தச் சுருக்கத்தை மாணவர்கள் தேர்வுத்தாளில் பார்க்கப்போகிறார்கள் என்பதால் முழுக்க எடுக்க மனம் வரவில்லை. 47-இல் மிஞ்சியது 11. அவற்றில் டைட்டிலை எடுத்துவிட்டு ஏபிபிஆரை மட்டும் வைத்திருக்கிறேன். பக்கத்தின் தலையில் மொழி ஆங்கிலம் என்றுதான் இருந்தது சார், எங்கேயோ நகலெடுத்த வார்ப்புரு. அதையும் மாற்றினேன்.

தம்பி நேற்று மௌரியர் பக்கத்தை முழுக்கக் கேட்டான். "இப்ப பாடம் மாதிரி இருக்குக்கா" என்றான். இரண்டு விஷயம் பாக்கி என்கிறான். இலக்கணப் பக்கத்தில் ஒவ்வொரு விதிக்குக் கீழும் "எ.கா." வருகிறது, அது "எ புள்ளி கா" என்கிறது. தேர்வுக் கால அட்டவணையில் "மு.ப.", "பி.ப." இருக்கிறது. அட்டவணைக் கட்டம் சின்னது, விரித்தால் ஃபோனில் உடைகிறது.


செவிவாசகன் (நெல்லை) எழுதியது:

"எ.கா."வுக்கு "சான்று" என்று போடுங்கள். மூன்றே எழுத்து, சுருக்கமும் இல்லை, பொதுத்தமிழ் மாணவனுக்குப் பழகிய சொல். அட்டவணையில் "காலை", "பிற்பகல்" என்று எழுதினால் போதும். முற்பகல் என்று யாரும் வீட்டில் சொல்வதில்லை. அப்படியும் கட்டம் உடைந்தால் நாளையும் நேரத்தையும் இரண்டு வரிசையாகப் பிரியுங்கள், கட்டம் கட்டமாக நகரும்போது எனக்கும் அது சுலபம்.

அதே அட்டவணையில் தேதியை எப்படி எழுதியிருக்கிறீர்கள் என்று பார்த்துவிடுங்கள். "12.07" என்று இருந்தால் அதுவும் "பன்னிரண்டு புள்ளி" என்றுதான் தொடங்கும். "ஜூலை 12" என்று மாற்றிவிட்டு இணைப்பை இங்கே போடுங்கள். திங்கட்கிழமை கணினி வகுப்பில் என் மாணவர்களைக் கேட்கச் சொல்கிறேன், எங்கே தட்டுகிறது என்று அவர்களே சொல்லட்டும்.